தண்டனை முடிந்து வந்தவரை யார் பார்த்துக்கொள்கிறார்கள்? பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

குழந்தைப் பாதுகாப்பு பற்றிப் பேசச் சொல்லி அழைக்கும் பெற்றோர் கூட்டங்களுக்குச் சில ஆண்டுகளாகப் போய்வருகிறேன். மேடையில் பேசும்போது யாரும் அதிகம் கேட்பதில்லை. எல்லாம் முடிந்து நாற்காலிகளை அடுக்கும் நேரத்தில்தான் ஒரு அம்மா கதவோரமாக வந்து நின்று, குரலைத் தாழ்த்திக்கொண்டு, "அந்த மாதிரி ஒரு ஆள் எங்க பக்கத்துல குடிவந்தா எங்களுக்கு யார் சொல்லுவாங்க?" என்று கேட்பார். அப்படி வந்த கேள்விகளையும், நான் சொல்லும் பதில்களையும் இங்கே தொகுத்திருக்கிறேன். குழந்தைகளுக்கு எதிரான பாலியல் குற்றத்தில் தண்டனை பெற்று, சிறையிலிருந்து வெளியே வந்தவர்களைக் கண்காணிப்பது பற்றிய கேள்விகள் இவை.

கண்காணிப்பு என்று சொல்கிறார்களே, அதில் என்னதான் செய்வார்கள்?

நாட்டுக்கு நாடு மாறும். நன்றாக நடக்கும் இடங்களில் அது பல வேலைகள் சேர்ந்தது. தண்டனை பெற்றவர் தன் பெயர், முகவரி, தங்கும் இடம் எல்லாவற்றையும் காவல்துறையிடம் பதிய வேண்டும். எதையாவது மாற்றினால் சொல்ல வேண்டும். ஒரு அதிகாரி அவர் வீட்டுக்குப் போவார், சில சமயம் சொல்லாமல் கொள்ளாமல். இவர் எந்த அளவுக்கு ஆபத்தானவர் என்று மதிப்பிட்டு, அவ்வப்போது அதைத் திருத்துவார்கள். குழந்தைகளோடு வேலை செய்யக் கூடாது, குறிப்பிட்ட இடத்துக்குப் போகக் கூடாது, போனைச் சோதனைக்குக் கொடுக்க வேண்டும் என்பது போன்ற நிபந்தனைகளை நீதிமன்றம் விதிக்கலாம். சிகிச்சையும் சேரலாம்.

இங்கிலாந்து, வேல்ஸில் விடுதலையான 3 நாளுக்குள் பதிய வேண்டும். அப்புறம் ஆண்டுதோறும் போய் உறுதி செய்ய வேண்டும். ஓராண்டில் மொத்தம் 7 நாள் வேறொரு முகவரியில் தங்கினால் அதையும் சொல்ல வேண்டும். 18 வயதுக்குட்பட்டவர் இருக்கும் வீட்டில் 12 மணி நேரம் இருந்தாலே தெரிவிக்க வேண்டும் என்ற விதி 2012-ல் வந்தது. இது எனக்கு முக்கியமாகப் படும் விதி. அவர் எங்கே தூங்குகிறார் என்பதை விட, அவர் இருக்கும் வீட்டில் குழந்தை இருக்கிறதா என்பதுதான் நமக்குத் தெரிய வேண்டியது.

பதிவேட்டில் பெயர் ஏறிவிட்டால் போதாதா?

போதாது. மற்ற எதையும் விட இதைத்தான் நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன்.

2005-ல் அமெரிக்காவின் ஃப்ளோரிடாவில் 9 வயதுச் சிறுமி ஒருத்தி வீட்டிலிருந்தே கடத்திக் கொல்லப்பட்டாள். செய்தவர் பதிவேட்டில் இருந்தவர். ஆனால் பதிந்த முகவரியில் அவர் இல்லை. சிறுமியின் வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் உறவினர் வீட்டில் தங்கியிருந்தார். காகிதத்தில் இருந்த முகவரிக்கும் ஆள் இருந்த இடத்துக்கும் உள்ள அந்த இடைவெளியை யாரும் போய்ப் பார்க்கவில்லை.

இன்னொன்று இதைவிட வேதனையானது. 1991-ல் கலிஃபோர்னியாவில் 11 வயதுச் சிறுமி பள்ளிப் பேருந்துக்குப் போகும் வழியில் கடத்தப்பட்டாள். கடத்தியவர், 1976-ல் செய்த கடத்தல், வன்புணர்வுக் குற்றங்களுக்காகச் சிறை சென்று பரோலில், அதாவது தண்டனைக் காலம் முடியும் முன்பே அதிகாரிகளின் கண்காணிப்போடு, வெளியே வந்தவர். பதிவேட்டில் இருந்தவர். பரோல் அதிகாரிகள் அவர் வீட்டுக்குத் திரும்பத் திரும்ப வந்துபோனார்கள். கடைசிக் காலத்தில் அவர் காலில் ஜிபிஎஸ் பட்டையும் இருந்தது. இத்தனைக்கும் நடுவில், அதே வீட்டுக் கொல்லைப்புறத்தில், வேலிக்குப் பின்னால் கூடாரங்களிலும் கொட்டகைகளிலும் அந்தப் பெண் 18 ஆண்டுகள் அடைத்துவைக்கப்பட்டிருந்தாள். அங்கேயே இரண்டு குழந்தைகளைப் பெற்றாள்.

2006-ல் பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர் போலீசுக்குப் போன் செய்தார். கொல்லையில் கூடாரம் போட்டு ஆட்கள் வசிக்கிறார்கள், குழந்தைகளும் இருக்கிறார்கள் என்று சொன்னார். காவலர் வந்தார். முன்வாசலில் நின்று அந்த ஆளிடம் பேசினார். பின்பக்கம் போகவில்லை. இவர் பதிவேட்டில் இருப்பவர் என்பதும் அந்தக் காவலருக்குத் தெரியாது. திரும்பிப் போய்விட்டார்.

2009-ல் மாநிலத்தின் தலைமை ஆய்வாளர் வெளியிட்ட அறிக்கையைப் படித்தால் மனம் கனத்துவிடும். வீட்டிலிருந்து கொல்லையின் மறைவிடத்துக்கு மின்கம்பி போவது கண்ணுக்கெதிரே தெரிந்தும் யாரும் அது எங்கே போகிறது என்று பார்க்கவில்லை. ஒருமுறை வீட்டுக்குள் 12 வயதுப் பெண் இருப்பதைப் பார்த்தும் பரோல் அதிகாரி மேலே விசாரிக்கவில்லை. அக்கம்பக்கத்தாரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பதிவேடு, பட்டை, வீட்டுச் சோதனை எல்லாம் இருந்தன. கடைசியில் அந்தப் பெண்ணையும் அவள் பெற்ற இரண்டு குழந்தைகளையும் விடுவித்தது பெர்க்லி பல்கலைக்கழக வளாகத்தின் இரண்டு பெண் பணியாளர்களின் சந்தேகம். அந்த ஆளோடு வந்த இரண்டு சிறுமிகளின் முகமும் பேச்சும் அவர்களுக்கு உறுத்தியது. பின்னணியைத் தேடிப் பார்த்தார்கள், பரோல் அதிகாரிக்குப் போன் போட்டார்கள். அவ்வளவுதான் செய்தார்கள்.

அதனால்தான், கண்காணிப்பைப் பலப்படுத்த வேண்டும் என்று யாராவது சொன்னால் ஒரு அதிகாரிக்கு எத்தனை பேர் ஒதுக்கப்பட்டிருக்கிறார்கள் என்று முதலில் கேட்கிறேன். வீட்டைச் சுற்றி நடந்து பார்க்க அவருக்கு நேரம் இருக்கிறதா? பழைய கோப்பைப் படித்திருக்கிறாரா? புதிய மென்பொருளை விட இந்தக் கேள்விகளில்தான் குழந்தையின் உயிர் இருக்கிறது.

பட்டியலை எல்லோரும் பார்க்கும்படி வெளியிட்டுவிட்டால் என்ன?

அமெரிக்கா அதைத்தான் செய்கிறது. 1994-ல் நியூ ஜெர்சியில் 7 வயதுச் சிறுமி மேகன், எதிர் வீட்டில் குடியிருந்தவரால் கொல்லப்பட்டாள். அவருக்குக் குழந்தைகள் தொடர்பான குற்றங்களில் ஏற்கெனவே இரண்டு தண்டனைகள் இருந்தது மேகனின் பெற்றோருக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் காப்பாற்றியிருப்போம் என்று அவர்கள் கதறியதில் இருந்துதான் 1996-ல் 'மேகன் சட்டம்' நாடு முழுமைக்கும் வந்தது. இன்று அங்கே யார் வேண்டுமானாலும் இணையத்தில் தேடிப் பார்க்கலாம். அந்தப் பெற்றோரின் இடத்தில் நான் இருந்திருந்தால் நானும் அதையே கேட்டிருப்பேன்.

ஆனால் வெளியிட்டதால் குற்றம் குறைந்ததா என்று பார்த்த ஆய்வுகள் தெளிவான நல்ல பதிலைத் தரவில்லை. அதோடு வேறு ஆபத்துகளும் வருகின்றன. 2000-ல் பிரிட்டனில் ஒரு பத்திரிகை குற்றவாளிகளின் பெயரையும் படத்தையும் வரிசையாக அச்சிட்டது. போர்ட்ஸ்மவுத் நகரின் ஒரு குடியிருப்பில் நாள்கணக்கில் கலவரம் நடந்தது. சம்பந்தமே இல்லாத குடும்பங்கள் வீட்டை விட்டு ஓடின. வேல்ஸில் ஒரு பெண் மருத்துவரின் வீட்டுச் சுவரில் வசை எழுதினார்கள். அவர் செய்த குற்றம் குழந்தை மருத்துவராக இருந்ததுதான். ஆங்கிலத்தில் குழந்தை மருத்துவரைக் குறிக்கும் 'பீடியாட்ரிஷியன்' என்ற சொல்லும், குழந்தைகள் மீது பாலியல் நாட்டம் கொண்டவரைக் குறிக்கும் 'பீடோஃபைல்' என்ற சொல்லும் பாதி ஒன்றுபோல ஒலிக்கும்.

இன்னொரு விஷயத்தை யாரும் யோசிப்பதில்லை. பாதிக்கப்பட்ட குழந்தை பல நேரங்களில் குற்றவாளியின் சொந்தக்காரர். அப்பாவின் பெயரும் படமும் ஊர் முழுக்கப் பரவினால் மகள் யார் என்று கண்டுபிடிக்க எவ்வளவு நேரமாகும்? சட்டம் அவள் பெயரை மறைத்து வைத்ததற்கு அர்த்தமே இல்லாமல் போய்விடும். புகார் கொடுக்கவே தயங்கும் குடும்பங்கள் இன்னும் மூடிக்கொள்ளும்.

அப்படியென்றால் பெற்றோருக்குத் தெரிந்துகொள்ளும் உரிமையே கிடையாதா?

இருக்க வேண்டும். இங்கிலாந்தும் வேல்ஸும் கண்டுபிடித்த வழி எனக்குப் பிடித்திருக்கிறது. 2000-ல் சாரா என்ற 8 வயதுச் சிறுமி கொல்லப்பட்டாள். கொன்றவர், முன்பே ஒரு சிறுமியைக் கடத்தித் தண்டனை பெற்றவர். அவளுடைய தாய் பல ஆண்டுகள் போராடியதால் 2008-ல் சில பகுதிகளில் சோதனையாக ஒரு திட்டம் தொடங்கி, 2011-க்குள் எல்லாக் காவல் பகுதிகளுக்கும் வந்தது. மக்கள் அதைச் 'சாரா சட்டம்' என்கிறார்கள்.

அது வேலை செய்யும் விதம் எளிமையானது. உங்கள் குழந்தையோடு பழகும் ஒரு குறிப்பிட்ட ஆளைப் பற்றிப் போலீசிடம் கேட்கலாம். அம்மாவின் புது நண்பர், வீட்டுக்கு அடிக்கடி வரும் பெரியப்பா, பாட்டு வாத்தியார், யாராகவும் இருக்கலாம். போலீஸ் பார்த்து, ஆபத்து உண்டென்றால், குழந்தையைக் காப்பாற்றும் இடத்தில் இருப்பவருக்கு மட்டும் சொல்லும். பாட்டி கேட்டாலும் தகவல் அம்மாவுக்குப் போகலாம். சொன்னதை வெளியே பரப்பக் கூடாது. தெரு முழுக்க யார் யார் என்ற பட்டியல் கிடைக்காது. உங்கள் குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு போகும் அந்த ஒருவரைப் பற்றிப் பதில் கிடைக்கும். பெற்றோருக்கு உண்மையில் வேண்டியது அதுதான் என்று நினைக்கிறேன்.

இந்தியாவில் என்ன ஏற்பாடு இருக்கிறது?

2018 செப்டம்பரில் தேசியப் பாலியல் குற்றவாளிகள் தரவுத்தளம் தொடங்கப்பட்டது. தொடங்கும்போதே 4 லட்சத்துக்கும் மேற்பட்ட பதிவுகள் இருந்தன. பெயர், முகவரி, புகைப்படம், கைரேகை எல்லாம் அதில் இருக்கும். தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் அதைப் பராமரிக்கிறது. காவல்துறை, புலனாய்வு அமைப்புகள் மட்டும்தான் பார்க்க முடியும்.

விசாரணைக்கும் சரிபார்ப்புக்கும் அது உதவும். ஆனால் இங்கிலாந்தைப் போல, வெளியே வந்தவர் ஆண்டுதோறும் நேரில் வந்து பதிய வேண்டும், முகவரி மாறினால் 3 நாளில் சொல்ல வேண்டும் என்ற கடமை இங்கே இல்லை. விடுதலையான பிறகு அவரைப் போய்ப் பார்ப்பது யார் வேலை என்று கேட்டால் தெளிவான பதில் கிடைப்பதில்லை. தரவுத்தளம் வந்தது நல்லது. அதன் பின்னால் ஒரு ஆள் வர வேண்டும்.

குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தில் நமக்குப் பயன்படும் இரண்டு விஷயங்கள் உண்டு. 2020-ல் வந்த போக்சோ விதிகளின்படி பள்ளி, காப்பகம், விளையாட்டுப் பயிற்சிக்கூடம் என்று குழந்தைகளோடு தொடர்ந்து பழகும் எந்த நிறுவனமும் தன் ஊழியர்கள் எல்லோரையும் காவல்துறை மூலம் சரிபார்க்க வேண்டும். அதுவும் ஒருமுறை அல்ல, அவ்வப்போது. இரண்டாவது, சட்டத்தின் 19-வது பிரிவு. குற்றம் நடந்தது தெரிந்தால் மட்டும் அல்ல, நடக்கப்போகிறது என்ற அச்சம் இருந்தாலும் காவல்துறைக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது. நல்லெண்ணத்தில் சொன்னவர் மீது வழக்குப் போட முடியாது. "தப்பா இருந்துட்டா நம்ம மேல திரும்பிடுமே" என்று பயப்படுகிறவர்களுக்கு இதைத் தவறாமல் சொல்வேன்.

பள்ளிக்குப் பக்கத்தில் குடியிருக்கவே கூடாது என்று தடை போட்டால்?

கேட்க நியாயமாக இருக்கும். அதன் விளைவை மயாமி நகரம் பார்த்தது. பள்ளிகளிலிருந்து 2,500 அடிக்குள் குடியிருக்கக் கூடாது என்று அந்த வட்டாரத்தில் விதி வந்தபோது நகருக்குள் வாடகைக்கு வீடே கிடைக்காமல் போனது. 2006 வாக்கில் தொடங்கி 2010 வரை, கடல் மேல் போகும் ஒரு பாலத்துக்கு அடியில் பலர் கூடாரம் போட்டு வாழ்ந்தார்கள். அவர்களில் சிலரின் ஓட்டுநர் உரிமத்தில் முகவரியாக அந்தப் பாலத்தின் பெயரே அச்சாகியிருந்தது. காலில் இருந்த கண்காணிப்புப் பட்டையைச் சார்ஜ் செய்ய ஜெனரேட்டர் வைத்திருந்தார்கள்.

அவர்கள் மீது பரிதாபப்படச் சொல்லி இதை எழுதவில்லை. வீடு, வேலை, சொந்தம் எதுவும் இல்லாத ஒருவரைக் கண்காணிப்பது மிகக் கடினம். கலிஃபோர்னியாவில் 2006-ல் இதுபோன்ற தடை வந்தபின், பரோலில் இருந்தவர்களில் வீடற்றவர்கள் சில ஆண்டுகளில் பல மடங்கு கூடினார்கள். 2015-ல் அம்மாநில உச்ச நீதிமன்றம் சான் டியேகோவில் அந்தத் தடையை எல்லோருக்கும் ஒரே மாதிரி விதிப்பது செல்லாது என்றது. பகலில் பள்ளி வாசலில் வந்து நிற்கிறவருக்கு அவர் இரவில் தூங்கும் இடம் ஒரு தடையே இல்லை.

காலில் ஜிபிஎஸ் பட்டை கட்டிவிட்டால் நிம்மதிதானே?

பட்டை ஒரு ஆள் எங்கே இருக்கிறார் என்று சொல்லும். என்ன செய்கிறார் என்று சொல்லாது. அவர் தன் வீட்டில் இருக்கிறார் என்று திரையில் பச்சைப் புள்ளி காட்டும்போது, அதே வீட்டுக்குள் ஒரு குழந்தை இருக்கலாம். மேலே சொன்ன கலிஃபோர்னியா ஆளின் காலிலும் அது இருந்தது.

அதற்காகப் பட்டை வீண் என்று சொல்லவில்லை. தென் கொரியா 2008 முதல் பயன்படுத்துகிறது. மிக ஆபத்தான சிலருக்கு, வெளியே வந்த முதல் மாதங்களில், போகக் கூடாத இடத்துக்குப் போனால் உடனே ஓடிவர ஆள் தயாராக இருந்தால், அது உதவும். எச்சரிக்கை மணி அடிக்கும்போது எடுத்துப் பார்க்க ஆள் இல்லையென்றால், காலில் ஒரு பிளாஸ்டிக் வளையம் மட்டும்தான் மிச்சம்.

ஒருமுறை செய்தவன் மறுபடியும் செய்யத்தானே செய்வான்?

எல்லோரும் அல்ல. கனடிய ஆய்வாளர்கள் பல நாடுகளின் ஆய்வுகளைத் தொகுத்து 2005-ல் வெளியிட்ட கணக்கில், 5, 6 ஆண்டுகளுக்குள் மீண்டும் பாலியல் குற்றத்தில் பிடிபட்டவர்கள் ஏறத்தாழ 14 சதவீதம். பிடிபடாதது இந்தக் கணக்கில் வராது என்பதால் உண்மையான எண்ணிக்கை கூடுதலாகத்தான் இருக்கும். இருந்தாலும் எல்லோரும் ஒரே அளவு ஆபத்தானவர்கள் இல்லை என்பது உறுதி. வயது, முந்தைய குற்றங்களின் எண்ணிக்கை, பாதிக்கப்பட்டவர் அந்நியரா, ஆண் குழந்தையா போன்றவற்றை வைத்து மதிப்பிடும் முறைகள் உள்ளன. குற்றம் செய்யாமல் வெளியே கழியும் ஒவ்வொரு ஆண்டும் ஆபத்தைக் குறைக்கிறது.

இது அவர்களுக்காகச் சொல்லும் வக்காலத்து இல்லை. ஒரு அதிகாரியிடம் 60 பேரைக் கொடுத்து எல்லோரையும் மாதம் ஒருமுறை பார் என்றால், உண்மையில் வாரம் இருமுறை பார்க்க வேண்டிய 3 பேர் அந்தக் கூட்டத்தில் கரைந்துவிடுவார்கள். யாரை அதிகம் பார்க்க வேண்டும் என்று தெரிவதால்தான் குழந்தை தப்பிக்கிறது.

எத்தனை ஆண்டுகள் கண்காணிப்பார்கள்?

அமெரிக்காவின் 2006-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றத்தின் தன்மையைப் பொறுத்து 15 ஆண்டு, 25 ஆண்டு அல்லது ஆயுள் முழுக்க. இங்கிலாந்தில் 30 மாதமோ அதற்கு மேலோ சிறைத்தண்டனை என்றால் கால வரையறை இல்லை. ஆனால் மறுபரிசீலனையே இல்லாமல் ஆயுள் முழுக்க வைப்பது சரியல்ல என்று 2010-ல் அங்கே உச்ச நீதிமன்றம் சொன்னதால், 15 ஆண்டுக்குப் பிறகு மனுக் கொடுக்கலாம்.

தப்பு செய்தவனே சின்னப் பையனாக இருந்தால்?

அவனைப் பெரியவர்களின் பட்டியலில் போட்டு வாழ்நாள் முழுக்க முத்திரை குத்துவது தவறு என்றே நினைக்கிறேன். சிறுவர்களிடம் நல்ல சிகிச்சையும் மேற்பார்வையும் பலன் தருகின்றன. அவர்களில் பெரும்பாலானவர்கள் வளர்ந்த பிறகு இந்தக் குற்றத்துக்குத் திரும்புவதில்லை. அதே நேரத்தில், பாதிக்கப்பட்ட குழந்தையையும் அவனையும் ஒரே வகுப்பறையில், ஒரே வீட்டில் வைத்துக்கொண்டு "சரி, மறந்துடுவோம்" என்று சொல்லக் கூடாது.

பெயரை மாற்றிக்கொண்டு வேறு ஊருக்கோ நாட்டுக்கோ போய்விட்டால்?

இது உண்மையான ஓட்டை. பல நாடுகளில் பெயரை மாற்றுவது எளிது, சொல்ல வேண்டிய பொறுப்போ குற்றவாளியின் மேலேயே இருக்கிறது. பொய் சொல்ல நினைப்பவரிடம் "நீயே வந்து சொல்" என்று விட்டால் எப்படி? பெயர் மாற்றம், கடவுச்சீட்டு, பதிவேடு மூன்றும் ஒன்றோடொன்று பேச வேண்டும். பதிவேட்டில் இருப்பவர் பெயர் மாற்ற விண்ணப்பித்தால் காவல்துறைக்குத் தானாகத் தகவல் போக வேண்டும். அவர் வந்து சொல்லும்வரை காத்திருக்கக் கூடாது.

நாடு தாண்டும் விஷயத்தில் சில முயற்சிகள் நடந்துள்ளன. பதிவேட்டில் இருக்கும் குழந்தைப் பாலியல் குற்றவாளிகள் அனுமதி இல்லாமல் வெளிநாடு போவதை ஆஸ்திரேலியா 2017-ல் தடுத்தது. அமெரிக்கா 2016 சட்டப்படி அவர்களின் கடவுச்சீட்டில் அடையாளக் குறிப்புச் சேர்க்கிறது. மீண்டும் குற்றம் செய்யக்கூடியவர் என்று மற்ற நாடுகளை எச்சரிக்க இன்டர்போலிடம் பச்சை அறிவிப்பு இருக்கிறது. காவல் பலவீனமான நாடுகளைத் தேடிப் போகிறவர்கள் உண்டு என்பதால் இது ஏதோ பணக்கார நாடுகளின் பிரச்சினை என்று நாம் ஒதுங்க முடியாது.

எல்லாம் போனில்தானே நடக்கிறது? அதை எப்படிக் கண்காணிப்பது?

இங்கிலாந்தில் நீதிமன்றம் தடுப்பு ஆணை போட முடியும். சிறுவர்களோடு இணையத்தில் பேசக் கூடாது, தேடல் வரலாற்றை அழிக்கக் கூடாது, அதிகாரி கேட்கும்போது எல்லாக் கருவிகளையும் காட்ட வேண்டும், கண்காணிப்பு மென்பொருளை நீக்கக் கூடாது என்று நிபந்தனை வைக்கலாம். மறைத்து வைத்த இரண்டாவது போன்தான் பெரிய சிக்கல். வீட்டுக்குள் போய் இழுப்பறையைத் திறந்து பார்க்கிற அதிகாரிதான் அதைக் கண்டுபிடிப்பார்.

குற்றவாளிகளோடு உட்கார்ந்து டீ குடிக்கும் தன்னார்வலர்கள் இருக்கிறார்களாமே, இது என்ன கொடுமை?

எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது. 1994-ல் கனடாவின் ஹாமில்டன் நகரில், மிக ஆபத்தானவர் என்று மதிப்பிடப்பட்ட ஒருவர் தண்டனை முழுவதும் முடிந்து வெளியே வந்தார். பரோல் கிடையாது, எனவே அதிகாரபூர்வக் கண்காணிப்பும் கிடையாது. ஊர் கொந்தளித்தது. மென்னனைட் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த ஒரு பாதிரியாரும் அவர் சபையைச் சேர்ந்த சிலரும் அவரைச் சுற்றி ஒரு வட்டமாக நின்றார்கள். தினமும் யாராவது அவரோடு பேசுவார்கள், எங்கே போனாய், யாரைப் பார்த்தாய் என்று கேட்பார்கள். அந்த முறை இப்போது பல நாடுகளில் உள்ளது. நான்கைந்து தன்னார்வலர்கள், பயிற்சி பெற்றவர்கள், பின்னால் நிபுணர்கள். சந்தேகம் வந்தால் போலீசுக்குச் சொல்வோம் என்பதை முதல் நாளே சொல்லிவிடுவார்கள்.

மின்னசோட்டா மாநிலச் சிறைத்துறை குலுக்கல் முறையில் இரண்டு குழுக்களைப் பிரித்து ஒப்பிட்டுப் பார்த்தது. வட்டத்தில் இருந்தவர்கள் மீண்டும் கைதானது தெளிவாகக் குறைவு. அந்த ஆள் ஒரு பொய் சொல்லும்போது, "நேத்து வேற மாதிரி சொன்னியே" என்று கேட்க அவரை அறிந்த ஒருவர் இருக்கிறார். எந்தக் கருவியாலும் அது முடியாது. எல்லோராலும் இதைச் செய்ய முடியாது, செய்ய வேண்டும் என்றும் இல்லை. செய்கிறவர்களைத் தூற்றாமல் இருந்தால் போதும்.

எங்கள் குடும்பத்திலேயே ஒருவர் தண்டனை முடிந்து திரும்பி வருகிறார். என்ன செய்வது?

இந்தக் கேள்வியைக் கேட்பவர்கள் கண்ணைப் பார்த்துக் கேட்பதில்லை. மாமனாராக இருக்கும், தம்பியாக இருக்கும்.

முதலில், குழந்தைகள் இருக்கும் வீட்டுக்கு அவர் வரக் கூடாது. பாதிக்கப்பட்ட குழந்தை இருக்கும் வீடென்றால் இதில் பேச்சே இல்லை. "பெரியவர், போக வேற இடம் இல்ல" என்று சொந்தங்கள் சொல்வார்கள். போக இடம் தேடுவது பெரியவர்களின் வேலை, குழந்தை தன் படுக்கையறையை விட்டுக்கொடுத்து அதைத் தீர்க்கக் கூடாது. "காலில் விழுந்து மன்னிப்புக் கேக்கிறாரு, நீயும் மன்னிச்சிடும்மா" என்று குழந்தையிடம் கேட்பது இன்னொரு கொடுமை.

விசேஷங்களிலோ வேறு இடத்திலோ சந்திப்பது தவிர்க்க முடியாது என்றால், வீட்டில் உள்ள பெரியவர்கள் ஒவ்வொருவருக்கும் விஷயம் தெரிந்திருக்க வேண்டும். ஒருவருக்கு மறைத்தாலும் அந்த ஒருவர்தான் "கொஞ்ச நேரம் பார்த்துக்கோங்க" என்று குழந்தையை விட்டுவிட்டுப் போவார். ஒரு பெண் தன் சுவர்க் காலண்டரை எனக்குக் காட்டினார். ஒவ்வொரு தேதிக் கட்டத்திலும் பென்சிலால் இரண்டு பெயர்கள். அன்று குழந்தைகளோடு இருக்கப்போகும் ஆள், அவரால் முடியாவிட்டால் வரப்போகும் ஆள். ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் மூன்று பெயர்கள், ஏனென்றால் அன்றுதான் எல்லோரும் கூடுவார்கள், எல்லோரும் கூடும்போதுதான் யாரும் பார்க்காமல் போகும். எந்த அதிகாரியும் சொல்லித் தராமல் அவரே யோசித்துச் செய்த ஏற்பாடு அது.

சின்னச் சின்ன மாற்றங்களைக் கவனியுங்கள். ஒரு குழந்தைக்கு மட்டும் பரிசு, "அம்மாகிட்ட சொல்லாதே" என்று ஒரு சாக்லேட், நீங்கள் களைத்திருக்கும் நேரம் பார்த்து "நான் தூங்க வைக்கிறேன், நீ போ" என்ற உதவி. அப்படி ஏதாவது தெரிந்தால் அவரிடம் விளக்கம் கேட்டுக்கொண்டிருக்க வேண்டாம், அவருக்குக் கண்காணிப்பு அதிகாரி இருந்தால் அவருக்கோ, இல்லையென்றால் போலீசுக்கோ சொல்லுங்கள்.

இத்தனையும் சரியாக நடந்தால் குழந்தைகள் பாதுகாப்பாக இருப்பார்களா?

ஓரளவுக்கு. நியூயார்க் மாநிலத்தில் 20 ஆண்டுகளுக்கு மேலான கைதுகளை எடுத்துப் பார்த்த ஓர் ஆய்வில், பாலியல் குற்றத்துக்குக் கைதானவர்களில் ஏறத்தாழ 95 சதவீதம் பேர் மீது அதற்கு முன் அப்படிப்பட்ட தண்டனை எதுவும் இல்லை. அவர்கள் எந்தப் பட்டியலிலும் இல்லாதவர்கள். குழந்தைக்கு நன்கு தெரிந்தவர்கள்தான் பெரும்பாலும் இதைச் செய்கிறார்கள் என்பது உலகெங்கும் ஒத்துக்கொள்ளப்பட்ட உண்மை.

அதனால் கண்காணிப்பு வேண்டாம் என்று ஆகிவிடாது. தெரிந்தே விட்ட ஒருவரால் ஒரு குழந்தை பாதிக்கப்படுவதை நாம் தடுத்திருக்க முடியும், அதைத் தடுக்காமல் விடுவது மன்னிக்க முடியாதது. ஆனால் "பட்டியலில் இல்லை, எனவே நல்லவர்" என்று மட்டும் யாரும் நினைத்துவிடக் கூடாது.

பள்ளியிடமும் பயிற்சி வகுப்பிடமும் என்ன கேட்கலாம்?

ஊழியர்களை யார் சரிபார்த்தார்கள், கடைசியாக எப்போது என்று கேளுங்கள். ஒப்பந்த ஊழியர், வேன் ஓட்டுநர், வார இறுதியில் வரும் பயிற்சியாளர் எல்லோரும் அதில் அடக்கமா என்று கேளுங்கள். முந்தைய வேலையை ஏன் விட்டார் என்று பழைய இடத்துக்குப் போன் செய்தார்களா என்றும் கேளுங்கள். 2002-ல் இங்கிலாந்தின் சோஹம் என்ற ஊரில் இரண்டு சிறுமிகளைக் கொன்றவர் பள்ளிக் காப்பாளராக இருந்தவர். பாலியல் குற்றத்தில் அவருக்கு முந்தைய தண்டனை இல்லை. ஆனால் வேறொரு பகுதிக் காவல்துறையிடம் அவர் மீது பல புகார்கள் வந்திருந்தன. அந்தத் தகவல் வேலை கொடுத்த பள்ளிக்குப் போய்ச் சேரவில்லை. அதை விசாரித்த 2004-ஆம் ஆண்டு அறிக்கைக்குப் பிறகுதான் அங்கே சரிபார்ப்பு முறையே மாறியது.

கேட்டதற்கு நிர்வாகம் முகம் சுளித்தால் பரவாயில்லை, எழுத்தில் கேளுங்கள்.

கண்காணிப்பில் இருக்கும் ஒருவர் விதியை மீறுவதைப் பார்த்துவிட்டேன். யாரிடம் சொல்வது, எப்படிச் சொல்வது?

இந்தியாவில் குழந்தைகள் உதவி எண் 1098, அவசரம் என்றால் 112. இலங்கையில் 1929. வேறு நாடு என்றால் அங்குள்ள எண்ணை இன்றே போனில் சேமித்து வையுங்கள். நீங்களே போய் அந்த ஆளை மிரட்ட வேண்டாம், படம் எடுத்து வாட்ஸ்அப்பில் போட வேண்டாம். அவர் அன்றிரவே வேறு ஊருக்குப் போய்விட்டால் கண்காணிப்பின் நூல் அறுந்துவிடும்.

தேதி, நேரம், இடம், கண்ணால் பார்த்தது, இவற்றை மட்டும் எழுதி வைத்துக்கொண்டு பேசுங்கள். "ஆள் சரியில்லை" என்பதை விட "மாலை 4 மணிக்கு, 8 வயது இருக்கும், ஒரு பையனோடு உள்ளே போனார், 6 மணி வரை வெளியே வரவில்லை" என்பதை அவர்களால் ஒதுக்க முடியாது. போனை எடுத்தவரின் பெயரையும் புகார் எண்ணையும் கேட்டு வாங்குங்கள். இரண்டு நாள் கழித்து மறுபடியும் போன் செய்து, யார் போனார்கள் என்று கேளுங்கள். வாசலில் நின்று பேசிவிட்டு வந்தார்களா, பின்பக்கம் போய்ப் பார்த்தார்களா என்றும் கேளுங்கள்.